நட்டம் யார் தலையில் விழும்? தமிழ்த் திரைத்தொழிலின் கணக்கு

கலையை விற்றுப் பிழைக்கும் தொழில்கள் படைப்பையும் இலாபத்தையும் இடரையும் எப்படிச் சமன்செய்கின்றன என்பது கேள்வி. இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விடைகளில் ஒரு தராசு வந்துவிடும். ஒரு தட்டில் கலை, மறுதட்டில் காசு, நடுவே முள்ளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தயாரிப்பாளர். அப்படி ஒரு தராசை நான் எங்கும் கண்டதில்லை. என் விடை இதுதான்: ஒரு படைப்பு தோற்றால் அந்த நட்டம் யார் தலையில் விழும் என்பதை முதலில் பாருங்கள். எத்தகைய படைப்புகள் வெளிவரும், எவை எழுத்திலேயே செத்துப்போகும் என்பது பெரும்பாலும் அதிலிருந்தே தெரிந்துவிடும். பொதுவாகப் பேசினால் இது புகைமூட்டமாகிவிடும் என்பதால், எனக்கு நன்கு தெரிந்த தமிழ்த் திரைத்தொழிலை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதலில் இந்தச் சரக்கின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். நெசவாலையில் சாயம் சரியாக ஏறாத துணியை இரண்டாந்தரம் என்று விலை குறைத்து விற்றுவிடலாம். பாதி நெய்த துணிக்கும் ஏதோ ஒரு விலை உண்டு. முக்கால்வாசி எடுத்து நின்றுபோன படத்துக்கு முக்கால்வாசி விலை கிடையாது, ஒரு காசும் கிடையாது. முதல் பிரதி உருவாகும் வரை செலவு முழுவதும் நம்முடையது. அதற்குப் பிறகு எத்தனை பிரதி எடுத்தாலும் கூடுதல் செலவு அற்பம். வாங்குபவனோ பார்த்து முடிக்கும் வரை தனக்கு அது பிடிக்குமா என்று அறியமாட்டான், பார்த்து முடித்தபின் காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள தயாரிப்பாளரும் நேற்று வந்தவரும் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஏறத்தாழ ஒரே அளவு அறியாமையில்தான் இருக்கிறார்கள். வருகிற படங்களில் பெரும்பாலானவை முதலை இழக்கும், மிகச் சில அள்ளிக் கொடுக்கும். ஆகவே இந்தத் தொழிலின் சூழ்ச்சிகள் அனைத்தும் மூன்று நோக்கங்களுக்குள் அடங்கும்: தோல்விக்கான வாய்ப்பைக் குறைப்பது, தோல்வியைப் பலர்மீது பரப்புவது, முடிந்தால் பிறர் தலையில் கட்டுவது.

ஸ்டூடியோக்களின் காலத்தில் நட்டம் முதலாளியின் தலையில் நேரடியாக விழுந்தது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. நடிகர், எழுத்தாளர், இசைக் கலைஞர், தச்சர் என எல்லோரும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். நிலையான சம்பளப் பட்டியல் இருக்கும்போது தளம் ஒரு நாள் சும்மா கிடந்தாலும் நட்டம்; ஆகவே ஒரு படம் முடியும் முன்பே அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இந்தக் கட்டாயத்தால்தான் அங்கே வகை வகையாக முயன்று பார்த்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்து வந்தது. ஆண்டுக்குச் சில படங்கள் எடுக்கும் நிறுவனத்தில் ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும். படைப்பாளிக்கு அங்கே சுதந்திரம் குறைவு, சாப்பாட்டுக்குப் பயம் கிடையாது. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினியில் 'கதை இலாகா' என்றே ஒரு பிரிவு இருந்ததையும், அங்கே எழுத்தாளர்கள் அலுவலகம்போல் வந்து உட்கார்ந்து கதையை அடித்துத் திருத்தினார்கள் என்பதையும் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை அந்த வளாகத்தில்தான் வேலை பார்த்தார். அதே காலத்தில் ஊதியமின்றி எழுதிக்கொண்டிருந்த தமிழ் எழுத்தாளர்களின் நிலையோடு ஒப்பிட்டால், அந்தச் சம்பளத்துக்கு என்ன பொருள் என்று விளங்கும்.

வாசன் எடுத்த மிகப் பெரிய சூதாட்டம் 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'. 1943இல் தொடங்கி ஐந்து ஆண்டுகள் இழுத்த அந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 30 லட்சம் ரூபாய் என்பார்கள். தமிழ்ப் பதிப்பு நன்றாக ஓடியும் போட்ட முதல் முழுதாகத் திரும்பவில்லை, ஏனெனில் அன்றைய தமிழ்ச் சந்தை மொத்தமாகச் சேர்த்தாலும் அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்குப் பெரியதல்ல. வாசன் செய்தது என்னவென்றால், அதே ஆண்டின் இறுதியில் இந்தியில் வெளியிட்டு, அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை நாடெங்கும் அனுப்பி, அதுவரை தெற்கே எவரும் செய்திராத அளவுக்கு விளம்பரத்துக்குச் செலவழித்தார். முதல் பிரதியின் செலவு எப்படியும் செலவழிந்துவிட்டது, இனி அதை எத்தனை கோடிப் பேர்மீது பரப்ப முடியும் என்பதுதான் கணக்கு. இன்று ஒரே படத்தை ஐந்து மொழிகளில் வெளியிட்டுப் 'பான் இந்தியா' என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறவர்கள், அண்ணா மேம்பாலத்தைக் கடக்கும்போது ஜெமினி இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பல மொழிக்காரருக்கும் ஒரே படம் விளங்க வேண்டுமானால் பேச்சு குறைந்து காட்சி பெருக வேண்டும். வாசனுக்கு முரசுகள்மீது ஆடும் நடனம் தேவைப்பட்டதற்கும், இன்றைய படங்களுக்கு சண்டைக் காட்சிகள் தேவைப்படுவதற்கும் காரணம் ஒன்றே.

ஸ்டூடியோக்கள் தளர்ந்தபின் வந்ததுதான் இன்றும் நாம் காணும் தமிழ்த் திரைத்தொழிலின் எலும்புக்கூடு. மக்கள் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வரவில்லை, முகத்தைப் பார்த்து வந்தார்கள் என்று தெரிந்ததும், அந்த முகத்தின் கால்ஷீட் கிடைத்த எவரும் தயாரிப்பாளர் ஆக முடிந்தது. அவரிடம் சொந்தப் பணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பூஜை போட்ட அன்றே ஏரியாக்களை, அதாவது வட்டாரவாரியான வெளியீட்டு உரிமைகளை, விற்று முன்பணம் வாங்குவார். விநியோகஸ்தர் அந்தப் பணத்தைத் தன் ஊர்த் திரையரங்குகளிடம் முன்பணமாகத் திரட்டுவார். பழனியிலோ பட்டுக்கோட்டையிலோ இருக்கும் கொட்டகைக்காரரின் பணம் இப்படிக் கோடம்பாக்கத்துக்கு வந்துசேரும். மிச்சத்துக்குப் பைனான்சியர். ஏரியாக்களின் பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது என்.எஸ்.சி.; மதுரை, இராமநாதபுரம் சேர்ந்தது எம்.ஆர்.; திருச்சி, தஞ்சாவூர் டி.டி.; திருநெல்வேலி, கன்னியாகுமரி டி.கே.; இவற்றோடு கோவை, சேலம், சென்னை நகரம். மாவட்டங்கள் எத்தனையோ முறை பிரிக்கப்பட்டுப் பெயர் மாறியும், அரசே கைவிட்ட எல்லைகளைத் திரைத்தொழில் இன்றுவரை விடவில்லை. வெளிநாட்டு உரிமையை நெடுங்காலம் எப்.எம்.எஸ். என்று மலேசியாவையும் சிங்கப்பூரையும் பெயரிலேயே வைத்து விற்றார்கள்.

இந்த விற்பனையின் ஒப்பந்த வகைகளில்தான் நான் சொல்ல வந்த பொருள் முழுவதும் இருக்கிறது. 'அவுட்ரைட்' என்றால் விநியோகஸ்தர் ஒரு விலை கொடுத்து வாங்கிவிடுகிறார். பிறகு வரும் இலாபமும் நட்டமும் அவருடையவை. 'மினிமம் கேரண்டி', அதாவது எம்.ஜி., என்றால் குறிப்பிட்ட தொகை எப்படியும் தயாரிப்பாளருக்கு உறுதி. அதற்கும் செலவுக்கும் விநியோகஸ்தரின் கமிஷனுக்கும் மேலே வருவதை ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்வார்கள். குறைந்தால் விநியோகஸ்தரின் கையைக் கடிக்கும். 'அட்வான்ஸ்' முறையில் முன்பணம் ஈடாகாவிட்டால் மீதியைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். வெறும் கமிஷன் முறையில் விநியோகஸ்தருக்கு இடரே இல்லை. ஒரே படம், நான்கு ஒப்பந்தங்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் நட்டம் விழும் இடமும் அளவும் மாறுகிறது.

எம்.ஜி. கொடுத்து வாங்குகிறவருக்குக் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை எழுத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் வந்துவிடுகிறது. "இது சி சென்டருக்கு, அதாவது சிற்றூர்க் கொட்டகைகளுக்கு, போகுமா?" என்ற கேள்வி, எந்தத் தணிக்கைக் குழுவும் வெட்டாத காட்சிகளை வெட்டியிருக்கிறது, கதைக்குத் தொடர்பில்லாத தனி நகைச்சுவைத் தடத்தை ஒட்டவைத்திருக்கிறது, துக்கமான முடிவைச் சுபமாக்கியிருக்கிறது. பூஜை நாளில் படம் என்று ஒன்று இல்லை, விற்பதற்கு இருப்பது நடிகரின் பெயரும் இயக்குநரின் பெயரும் மட்டுமே. அதனால்தான் நட்சத்திரச் சம்பளம் அந்த உயரத்துக்குப் போனது. அது நடிப்புக்கான கூலி என்று நினைப்பவர்கள் வியக்கிறார்கள். முன்விற்பனையை உறுதிசெய்யும் காப்பீட்டுத் தவணை என்று பார்த்தால் வியப்பில்லை. செலவில் பெரும்பங்கை அந்தத் தவணை தின்றுவிட, கதைக்கும் படப்பிடிப்புக்கும் மிஞ்சுவது குறைகிறது. காப்பீட்டுக்குக் கொடுத்துக் கொடுத்தே வீட்டைக் கட்டாமல் விட்டவர்களின் கதைதான் பல பெரிய படங்களின் கதை.

ஆனாலும் பணம் போடுகிறவன் எப்போதும் கலைக்கு எதிரி என்று எழுதிவிட முடியாது. 'பராசக்தி' படப்பிடிப்பில் புதுமுகமாக இருந்த சிவாஜி கணேசனை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் ஏவி.மெய்யப்பனுக்கு இருந்தபோது, இவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பங்குதாரரான நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள். கொட்டகையில் கூட்டத்தின் நடுவே அமர்ந்து படம் பார்த்துப் பழகிய விநியோகஸ்தரின் கண் அது. 1952 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தில் அவர் எடுத்த இடரின் பலனைத் தமிழ்த் திரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அனுபவித்தது. மறுபக்கம், ஏரியா முறை முழுதாகப் புறக்கணித்த படங்கள் இருக்கின்றன. 1977இல் '16 வயதினிலே'யை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராததால் தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். 1999 இறுதியில் வந்த 'சேது' பலமுறை போட்டுக்காட்டப்பட்டும் வாங்க ஆளின்றி நெடுநாள் கிடந்து, மிகக் குறைந்த காட்சிகளுடன் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்தது. புதியது ஒன்று வரும்போது சந்தை அதற்கு முன்கூட்டி விலை சொல்லத் தெரியாமல் விழிக்கிறது. முழு இடரையும் ஒருவர் தனியாகச் சுமந்தால்தான் அது வெளியே வருகிறது. வென்றவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. தாமே வெளியிட்டுத் தோற்று ஊரைவிட்டுப் போனவர்களின் பட்டியல் இதைவிட நீளமானது என்பதை மறந்துவிட்டு வீரக்கதையாகச் சொல்வது நேர்மையாகாது.

தோல்விக்கான வாய்ப்பைக் குறைக்கும் வழிகளில் மிகப் பழமையானது, வேறோர் இடத்தில் மலிவாகச் சோதித்துப் பார்ப்பது. அறுபதுகளில் அந்தச் சோதனைக்கூடம் நாடக மேடை. கே.பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' ஆகியவை முதலில் நாடகங்களாகச் சபாக்களில் ஓடியவை. எந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுகிறது, எங்கே மக்கள் நெளிகிறார்கள் என்பதெல்லாம் ஒரு அடி பிலிம் செலவாகும் முன்பே தெரிந்துவிட்டது. வார இதழ்த் தொடர்கதைகளும் அப்படித்தான். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' எழுபது ஆண்டுகள் கழித்துப் படமாக்கப்பட்டபோது, கதை தெரிந்த பல தலைமுறை வாசகர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுத்து 2022இலும் 2023இலும் வெளியிட்டது அரங்கம், ஆடை, நடிகர் தேதி ஆகியவற்றின் செலவை இரண்டு வசூல்கள்மீது பரப்பும் வழி. பிறமொழியில் ஓடிய படத்தை வாங்கி மறுஆக்கம் செய்வதும் இதே தர்க்கம்தான். இன்று எவரும் வீட்டிலிருந்தே மலையாளப் படத்தை அது வந்த சில வாரங்களில் சப்டைட்டில் துணையோடு பார்த்துவிடுகிறார்கள் என்பதால் அந்த வழி வேகமாக அடைபட்டு வருகிறது.

2009 வாக்கில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி எதிர்பாராத ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் அங்கே பலவகைக் குறும்படங்களை எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதுவரை ஒரு புதுமுக இயக்குநரை நம்புவதற்கு, அவர் கதை சொல்லும் விதத்தையும் யாரிடம் உதவியாளராக இருந்தார் என்பதையும் விட்டால் வேறு சான்று இருந்ததில்லை. தயாரிப்பாளர் சி.வி.குமார் 2012இல் 'அட்டகத்தி', 'பீட்சா', மறு ஆண்டு 'சூது கவ்வும்' எனச் சிறு செலவில் புதியவர்களை வைத்து அடுத்தடுத்து எடுக்க முடிந்ததற்கு, டிஜிட்டல் கேமரா செலவைக் குறைத்ததும் இந்தச் சான்று கையில் இருந்ததும் காரணங்கள். ஒன்று போனாலும் நிறுவனம் மூழ்காது என்ற அளவில் செலவை வைத்துக்கொண்டால், துணிச்சல் தானாக வருகிறது. துணிச்சலை மனத்தின் குணமாகப் பேசுகிறோம். பெரும்பாலும் அது பட்ஜெட்டின் குணம்.

வட்டியைப் பற்றிப் பேசாமல் இடரைப் பற்றிப் பேசுவது வீண். 1998இல் மத்திய அரசு திரைப்படத்துக்குத் தொழில் தகுதி தந்தது; வங்கிகள் கடன் தர வழி பிறந்தது. ஆனால் வங்கி ஈடு கேட்கும். எடுக்கப்படாத படத்தை எப்படி ஈடு வைப்பது? ஆகவே தனியார் பைனான்சியர்களே தொடர்ந்தார்கள். 10 கோடி ரூபாய்க் கடனுக்கு மாதம் நூற்றுக்கு 3 வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 30 லட்சம், நாளொன்றுக்கு 1 லட்சம். இயக்குநர் ஒரு காட்சியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும் படப்பிடிப்புச் செலவுக்கு மேல் இந்தத் தொகை ஏறுகிறது. தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் இதை எவரையும்விட நன்றாக அறிந்திருந்தார். சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, குறித்த நாளில் தொடங்கி, குறித்த நாளில் முடித்து, எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். அவர் படங்களில் கலை நுட்பம் தேடுவது நம் தவறு. கால ஒழுங்கு என்ற நுட்பம் அவற்றில் இருந்தது.

கடன் கொடுத்தவர் தன் பணத்தைக் காக்கும் வழி பிலிம் காலத்தில் 'லேப் லெட்டர்'. நெகட்டிவ் பதனிடும் கூடத்தில் இருக்கும். பைனான்சியரின் சம்மதமின்றி ஒரு பிரதியும் வெளியே வராது. இப்போது பதனிடும் கூடம் இல்லை, டிஜிட்டல் காட்சிக்கான சாவி இருக்கிறது. வியாழன் இரவு அந்தச் சாவி வரவில்லை என்றால் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்து என்று அறிவிப்புப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் ரசிகருக்கு, தயாரிப்பாளரின் பழைய படங்களின் கடனும் சேர்த்து அந்த ஓரிரவில் வசூலிக்கப்படுகிறது என்பது தெரியாது. வட்டிச் சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட தயாரிப்பாளர்களும் இந்தத் தொழிலில் உண்டு. இதைச் சமாளிக்க 'முதல் பிரதி அடிப்படை' என்றொரு முறையும் வந்தது: ஒரு தொகைக்குள் படத்தை முடித்து முதல் பிரதியை ஒப்படைப்பதாக இயக்குநரோ வேறொரு தயாரிப்பாளரோ ஏற்றுக்கொள்கிறார். செலவு கூடினால் அவர் பாடு, மிச்சமானால் அவருக்கு இலாபம். இயக்குநருக்குச் சுதந்திரம் தரும் ஏற்பாடு என்று இது புகழப்படுகிறது. உண்மையில், தன் கலை ஆசைக்குத் தானே தணிக்கை அதிகாரியாகும் நிலையில் அவரை நிறுத்துகிறது.

நட்டம் ஒருமுறை விழுந்தபின்னும் இடம் மாறுவதுண்டு. 2002இல் 'பாபா' எதிர்பார்த்தபடி ஓடாதபோது விநியோகஸ்தர்களின் இழப்பை ரஜினிகாந்த் ஈடுசெய்தார். அது பெருந்தன்மையாகவே பேசப்பட்டது. ஆனால் 2014 டிசம்பரில் வந்த 'லிங்கா'வுக்குப்பின் விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதமே இருந்தபோது, ஈடு என்பது உரிமைபோல் கேட்கப்பட்டது. எம்.ஜி. என்ற ஒப்பந்தத்தின் பொருளே, நட்டம் வாங்கியவருடையது என்பதுதான்; இலாபம் வந்திருந்தால் யாரும் நட்சத்திரத்தின் வீட்டு வாசலில் பங்கு கொண்டுபோய்க் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தக் கோரிக்கையில் ஒரு நியாயம் இருந்தது: விலை ஏறியதற்குக் காரணம் ஒரு பெயர் என்றால், விலை பொய்த்ததற்கும் அந்தப் பெயர் பொறுப்பேற்க வேண்டாமா?

வென்றவர் தம் இலாபத்தால் பிறருடைய இடரைத் தாங்குவது இதற்கு நேரெதிரானது, அரிதானது. இயக்குநர் ஷங்கர் தம் நிறுவனத்தின் வழியாக 'காதல்', 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி', 'வெயில்' ஆகிய படங்களைத் தயாரித்தார். தாம் இயக்கும் படங்களின் செலவோடு ஒப்பிட்டால் அவை சிறியவை. தனுஷும் வெற்றிமாறனும் சேர்ந்து எடுத்த 'காக்கா முட்டை' தேசிய விருதும் பெற்று 2015இல் திரையரங்கிலும் ஓடியது. பா.ரஞ்சித் தயாரித்த 'பரியேறும் பெருமாள்' 2018இல் மாரி செல்வராஜை அறிமுகம் செய்தது. ஒரு ஸ்டூடியோ தன் பல படங்களுக்கிடையே செய்துவந்த வேலையை இங்கே தனிமனிதர்கள் செய்கிறார்கள். தனிமனிதர்கள் செய்வதால் அது அவர்களுடைய அடுத்த பெரிய படம் ஓடுவதைப் பொறுத்தது, அமைப்பாக நிலைக்கவில்லை.

வெளியிலிருந்து பணம் வந்த இரண்டு காலங்களும் கவனிக்கத்தக்கவை. 2007இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கியபின் சானல்களுக்கிடையே போட்டி மூண்டு, சாட்டிலைட் உரிமைக்கு நல்ல விலை கிடைத்தது. திரையரங்கில் ஓடாவிட்டாலும் முதல் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஏராளமான சிறு படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் நல்லவையும் இருந்தன, ஒளிபரப்பு நேரத்தை நிரப்புவதற்கென்றே எடுக்கப்பட்டவையும் இருந்தன. சில ஆண்டுகளில் சானல்கள் சிறு படங்களை வாங்குவதை நிறுத்தின, கையில் உரிமையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு ஓடிடி. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக இணையத்தில் வெளியானபோது திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பாக டி.டி.எச்.சில் தர கமல்ஹாசன் முயன்றபோதும் அவர்கள் அப்படித்தான் கொதித்தார்கள்; அன்று வென்றார்கள், பெருந்தொற்றின்போது தோற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு ஓடிடி நிறுவனங்கள் தந்த தொகை நட்சத்திரச் சம்பளத்தை மேலும் உயர்த்தியது. பின்னர் அவை கையை இறுக்கியபோது, சம்பளம் மட்டும் இறங்கவில்லை. இன்று படத்தின் வெளியீட்டுத் தேதியையே ஓடிடியின் அட்டவணை தீர்மானிக்கும் நிலை வந்திருக்கிறது. தமிழ்ப் படங்கள் பொதுவாக நான்கு வாரத்தில் இணையத்துக்கு வருவதால், எட்டு வாரம் கேட்கும் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் அவற்றின் இந்திப் பதிப்பைத் திரையிட மறுக்கின்றன. ஒரு சந்தையின் உறுதிப் பணத்துக்காக இன்னொரு சந்தையின் வாய்ப்பை விடுவது என்ற பேரம் இது.

வெளியீட்டு முறையும் கதையை மாற்றியிருக்கிறது. பிலிம் பிரதிக்கு விலை இருந்தபோது குறைந்த அரங்குகளில் வெளியிட்டு, ஊர் ஊராக நகர்த்தி, நூறு நாள் ஓட்டினார்கள். இப்போது மாநிலத்தின் பெரும்பாலான திரைகளில் ஒரே நாளில் வெளியிட்டு மூன்று நாளில் முதலை எடுக்கப் பார்க்கிறார்கள். மூன்று நாள் வசூல் என்பது படத்துக்கான தீர்ப்பே அல்ல, விளம்பரத்துக்கான தீர்ப்பு. மெதுவாகப் பேச்சு பரவி எழும் படத்துக்குத் திங்கட்கிழமை காட்சியே இருக்காது. 'சேது' இன்றைய முறையில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். விடை மகிழ்ச்சியானதாக இல்லை.

அரசும் இந்தக் கணக்கில் ஒரு கை. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி முழு விலக்கு என்று தமிழக அரசு அறிவித்ததும், 'ஜில்லுனு ஒரு காதல்' ஒரே எழுத்தை மாற்றிக்கொண்டு 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. 2011க்குப்பின் விலக்குக்கு 'யு' சான்றிதழும் தேவை என்றானபோது, வயது வந்தோருக்கான கதைகள் எழுதும் மேசையிலேயே இளைத்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்த விலக்கைப் பொருளற்றதாக்கியது. எந்தக் கலைக் கொள்கை அறிக்கையைவிடவும் ஒரு வரி விதி கதைகளை நேரடியாகத் திருத்துகிறது என்பதற்கு இந்தப் பதினோரு ஆண்டுகள் சான்று.

ஒப்பீட்டுக்காகப் பதிப்புத் துறையைச் சற்றுப் பாருங்கள். தமிழ்ப் பதிப்பாளர் ஆயிரம் பிரதி அச்சிட்டுப் பாதி தேங்கினால் வலிக்கும், ஆனால் வீடு போகாது. இப்போது தேவைக்கேற்ப ஐம்பது பிரதி கூட அச்சிடலாம். அதனால்தான் ஒவ்வொரு சென்னைப் புத்தகக் காட்சியிலும் திரையில் நினைத்தும் பார்க்க முடியாத பொருள்களில் நூல்கள் வருகின்றன. ஆனால் இடர் மறைந்துவிடவில்லை, எழுத்தாளரிடம் போயிருக்கிறது. பல ஆண்டு உழைப்புக்கு முன்பணம் இல்லை, உரிமைத்தொகை எப்போதாவது வரும், சிலர் தம் கைக்காசைப் போட்டே வெளியிடுகிறார்கள்.

திரையிலும் அடித்தட்டில் இருப்பவர்கள்தான் எழுதப்படாத முதலீட்டாளர்கள். நாலைந்து ஆண்டுகள் பேருக்கு ஒரு படிக்காசில் வேலை பார்க்கும் உதவி இயக்குநர், பின்னாளில் தமக்கு ஒரு படம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தம் இளமையை முதலாகப் போடுகிறார். எந்தக் கணக்கேட்டிலும் அது பதிவாவதில்லை. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுப்பதே வழக்கமாக இருந்தது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரையரங்கு தவிர்த்த பயன்பாடுகளில் அவர்களுக்குரிய பங்கை அவர்களே விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. பேரம் பேசும் வலு இல்லாதவருக்கு, விட்டுக்கொடுக்க முடியாத உரிமை மட்டுமே உரிமை. கதை எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு பங்கு நடைமுறையில் இன்னும் கைக்கு வந்தபாடில்லை.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வசூலில் பங்கு வாங்குங்கள் என்று நட்சத்திரங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை இங்கேதான் சிக்குகிறது. இடரையும் இலாபத்தையும் எல்லோரும் விகிதப்படி பகிர்வதே முறையான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பங்கு வாங்க வேண்டுமானால் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒருகாலத்தில் படப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் கொட்டகைக்குப் போய், அங்கேயே தங்கி, காட்சிக்குக் காட்சி டிக்கெட் எண்ணி அறிக்கை எழுதி அனுப்புவார். அவரையும் கொட்டகைக்காரர் கவனித்துக்கொள்வார் என்பது ஊரறிந்த கதை. அந்த எண்ணிக்கையை நம்ப முடியாததால்தான் பங்கு வேண்டாம், உறுதித் தொகை கொடு என்ற எம்.ஜி. முறை வேரூன்றியது. 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரம் புதிய தமிழ்ப் படங்களே வெளிவராமல் தயாரிப்பாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்துக்காகத் தொடங்கியது. ஆனால் முடிவில் எட்டிய உடன்பாட்டில், எல்லாத் திரையரங்குகளிலும் டிக்கெட் விற்பனையைக் கணினிமயமாக்குவது என்ற அம்சமும் இருந்தது. கட்டணத்தைப் பற்றிய செய்திகளே அப்போது பெரிதாக வந்தன. என் கணிப்பில், எந்தக் கதைக்கு யார் பணம் போடுவார்கள் என்பதை நீண்ட காலத்தில் மாற்றக்கூடியது அந்த இரண்டாவது அம்சம்தான்.